எண்ணூர்க் காற்றில் ஒரு சேஃப்டி பெல்ட்டின் ஆயுள்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு, அத்திப்பட்டுப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலக்கரி அலகுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதி. அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். கொதிகலன் சட்டகம், நிலக்கரி போகும் கன்வேயர் பாலம், மணலி எண்ணெய்த் தொட்டிகள், துறைமுகத்தின் கிரேன்கள் என்று வடசென்னையில் உயர்ந்து நிற்கும் எல்லாவற்றிலும் யாரோ ஏறித்தான் ஆக வேண்டும். பெயின்ட் அடிக்க, வெல்டிங் வைக்க, போல்ட் முறுக்க, விளக்கு மாற்ற என்று வேலை ஓய்வதில்லை. அப்படி ஏறுகிறவரின் உடம்பில் இருக்கும் நாலு விரல் அகலம்கூட இல்லாத பட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தொழிலாளர்கள் அதைச் சேஃப்டி பெல்ட் என்கிறார்கள்.

விழுந்து உயிர் போக 275 மீட்டர் தேவையில்லை. 5 மீட்டர் போதும். அந்த உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரே ஒரு நொடி ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். 2 மீட்டர் விழுவதற்கு முக்கால் நொடிகூட ஆகாது. கால் வழுக்கியதை மூளை உணர்ந்து கையை அசைக்கச் சொல்வதற்கே கால் நொடி போய்விடுகிறது. மீதி நேரத்தில் ஒரு கம்பியைத் தேடிப் பிடித்து, கீழே போய்க்கொண்டிருக்கும் முழு உடல் எடையையும் விரல்களால் நிறுத்துவது யாராலும் நம்பிச் செய்யக்கூடிய காரியமல்ல. "எனக்கு இருபது வருஷப் பழக்கம், கை தானா பிடிச்சிக்கும்" என்று சொல்லும் அண்ணன்மார் எல்லாத் தளத்திலும் உண்டு. அவர்களுடைய அனுபவத்தின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புவியீர்ப்பு அனுபவத்தைப் பார்த்து வேகத்தைக் குறைப்பதில்லை.

விழுகிறவரைக் கயிறு பிடித்துவிட்டால் பிழைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு தூரத்துக்குள் பிடித்து நிறுத்துகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ உள்ள ஒருவர் 2 மீட்டர் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளாத வெறும் கயிறு அவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், அந்தக் கணத்தில் உடலின்மேல் விழும் சராசரி விசை 2,100 கிலோ எடைக்குச் சமம். அதே மனிதர் அதே 2 மீட்டர் விழுந்து, 1 மீட்டர் தூரத்துக்குள் மெல்ல நிறுத்தப்பட்டால் விசை 300 கிலோ எடைதான். ஏழில் ஒரு பங்கு! பெல்ட்டின் கயிற்றில் ஒரு சிறு பொட்டலம் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதிர்வு தாங்கி என்று பெயர். மடித்து மடித்துத் தைத்த பட்டை அதனுள்ளே இருக்கிறது. விழும்போது தையல் வரிசையாகக் கிழிந்துகொண்டே வரும். ஒவ்வொரு தையலும் கிழிவதற்குக் கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்ளும். உடம்பின்மேல் வரும் விசை 6 கிலோநியூட்டனை, அதாவது ஏறக்குறைய 600 கிலோ எடையைத் தாண்டக் கூடாது என்பது தர நிர்ணயம். அந்தப் பொட்டலம் ஒரு முறைதான் வேலை செய்யும். கிழிந்ததை மறுபடி மடித்துத் தைத்துக் கொடுப்பது அடுத்தவரைக் கொல்வதற்குச் சமம்.

அந்த 600 கிலோவையும் உடம்பின் எந்தப் பகுதி வாங்குகிறது என்பது அடுத்த கேள்வி. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டில் முழு விசையும் வயிற்றில் இறங்கும். கல்லீரல், மண்ணீரல், முதுகெலும்பு மூன்றும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. உடம்பு வில்லாக வளைந்து முதுகு முறியலாம். தலைகீழாகத் திரும்பினால் பெல்ட்டிலிருந்தே நழுவிப் போகலாம். விழுவதைத் தடுத்து நிறுத்த இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. முழு உடல் ஹார்னெஸ் தோளிலும் மார்பிலும் தொடையிலும் பட்டைகள் கொண்டது. விசையின் பெரும்பகுதியைத் தொடையும் இடுப்பெலும்பும் வாங்கிக்கொள்ளும். கயிறு மாட்டும் வளையம் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் இருப்பதால், விழுந்தவர் தலை மேலாக நிமிர்ந்தே தொங்குவார். தொடைப் பட்டைக்குள் விரித்த உள்ளங்கை போக வேண்டும், மடக்கிய முஷ்டி போகக் கூடாது. இறுக்கத்துக்கு இதுதான் அளவு. மே மாத வெயிலில் வியர்வையும் உப்பும் தொடையை அறுக்கும்போது பட்டையைத் தளர்த்திவிடத் தோன்றும். அந்த எரிச்சல் உண்மையானது. அதற்கு மெத்தை வைத்த நல்ல பட்டையும் நிழலில் ஓய்வும் தர வேண்டும். தளர்த்தியவரைத் திட்டுவதால் தீராது.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பற்றி நம் தளங்களில் போதுமான அளவு பேசுவதில்லை. கயிற்றின் நீளம் 1.8 மீட்டர் என்று கொள்வோம். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். காலடியில் மாட்டினால், முதுகு வளையம் முதலில் கொக்கி இருக்கும் மட்டம் வரை ஒன்றரை மீட்டர் இறங்கி, பிறகு கயிறு முழுதாக நீளும்வரை இன்னும் 1.8 மீட்டர் இறங்கும். மொத்தம் 3.3 மீட்டர். அதே பெல்ட், அதே கயிறு, அதே மனிதர். மாட்டிய இடம் மாறியதால் ஆற்றல் ஆறேழு மடங்கு கூடிவிட்டது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். கொக்கியிலிருந்து கயிறு 1.8 மீட்டர். அதிர்வு தாங்கி முழுதாகக் கிழிந்தால் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை மீட்டர். காப்புக்கு 1 மீட்டர். கூட்டினால் 6 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே அவ்வளவு வெட்டவெளி இருந்தால்தான் அந்த பெல்ட் காப்பாற்றும். தரையிலிருந்து 4 மீட்டரில் நின்றுகொண்டு காலடியில் கொக்கி மாட்டியவரை, கயிறு முழுதாக நிறுத்தும் முன்பே தரை பிடித்துக்கொள்ளும். ராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் இரண்டாம் மாடிச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு இந்த 6 மீட்டர் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டிய இடம் எதைத் தாங்கும் என்பது எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. ஒருவர் மாட்டும் பிடிப்பு 5,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 2,270 கிலோ தாங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி. நம் ஊரில் கொக்கி மாட்டப்படும் இடங்களைக் கவனியுங்கள். மின்கம்பி ஓடும் தட்டு, மெல்லிய தண்ணீர்க் குழாய், துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி, கட்டி முடிக்காத சாரத்தின் குறுக்குச் சட்டம். ஒரு சிறிய காரின் இரண்டு மடங்கு எடையை அதில் தொங்கவிடத் துணிவோமா? துணியமாட்டோம் என்றால் அதில் மனிதரையும் மாட்டக் கூடாது.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில், கட்டுமானத்தில் இருந்த எஃகு வளைவு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அசாம் உள்ளிட்ட வெளிமாநிலங்களிலிருந்து நம்மூருக்குப் பிழைக்க வந்தவர்கள். காயம்பட்டவர்களை ராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். வடசென்னை அதை மறக்கக் கூடாது. நிற்கும் அமைப்பே சரியும்போது, அதே அமைப்பில் மாட்டிய எந்தக் கயிறும் உதவாது. பொறியியலில் பெல்ட் எப்போதும் கடைசி அரணாக வைக்கப்படுவதற்கு இதுதான் காரணம். தரையிலேயே செய்யக்கூடிய வேலையைத் தரையில் செய்து மேலே தூக்கி வைப்பது முதல் வழி. உறுதியான சாரம், இடுப்பளவு தடுப்புக் கம்பி, கால்பலகை, வலை ஆகியவை அடுத்தவை. இவை எதுவும் செய்யாமல் ஆளுக்கொரு பெல்ட்டைக் கொடுத்துவிட்டுப் பாதுகாப்பு முடிந்தது என்று பதிவேட்டில் எழுதுவது பொய்க்கணக்கு. ஆள் விழக்கூடிய உயரத்தில் வேலை நடந்தால் தடுப்போ வேறு ஏற்பாடோ செய்ய வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே தன் 32-ஆம் பிரிவில் சொல்லியிருந்தது.

நகரும்போது நேரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கயிறு உள்ள பெல்ட்டில், ஒரு தூணைத் தாண்டிப் போக வேண்டுமானால் கொக்கியைக் கழற்றித்தான் அடுத்த பக்கம் மாட்ட முடியும். அந்தச் சில நொடிகள் அவர் எதிலும் மாட்டாமல் நிற்கிறார். இரட்டைக் கயிறு இருந்தால் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றலாம். ஒற்றைக் கயிற்றைக் கொடுத்துவிட்டு "எப்பவும் மாட்டியே இருக்கணும்" என்று மேஸ்திரியும் சூப்பர்வைசரும் சொல்வது, செய்ய முடியாததைச் செய்யச் சொல்வது.

இதே பாடத்தை முற்றிலும் வேறொரு கூட்டம் கற்றிருக்கிறது. அமெரிக்காவில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டையாடுகிறவர்கள், மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் ஒரு சிறு மேடையைப் பட்டையால் கட்டி, விடியும் முன்னே ஏறி மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று நம் நாட்டில் அந்த வேட்டைக்கு இடமில்லை. ஆனால் அவர்களுடைய விபத்து அனுபவம் நமக்கு வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது விழுவதைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும்போதும் விழுவதே அவர்களுக்குப் பெரிய அச்சம். அதனால் தரையிலிருந்தே தொடங்கும் ஒரு காப்புக் கயிற்றை மரத்தோடு கட்டி, ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சை அதில் போட்டு, தரையில் கால் இருக்கும்போதே பெல்ட்டோடு இணைத்துக்கொள்கிறார்கள். மெல்ல நகர்த்தினால் முடிச்சு நகரும். திடீரென்று எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும். புகைபோக்கி ஏணியில் போகிறவர்களுக்குத் தரும் கயிறுபிடிக் கருவி செய்வதும் இந்த வேலையைத்தான். மேடையைக் கட்டிய பட்டைகளை ஆண்டு முழுதும் மரத்திலேயே விட்டுவைத்தால் வெயிலில் நைந்துபோகும், அணில் கடித்திருக்கும், மரம் பருத்துப் பட்டையை இழுத்துப் பலவீனமாக்கியிருக்கும். அதனால் பருவம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்துவிட வேண்டும் என்று அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். திருவொற்றியூர்ச் சந்துகளில் சவுக்குக் கம்புச் சாரத்தைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்தி வைக்கிறோமே, அங்கும் இது பொருந்தும். அந்தக் கயிறுகளில் பெரும்பாலும் இருக்கும் பாலிபுரொப்பிலீன், சூரியனின் புற ஊதாக் கதிருக்கு மிகவும் பலவீனமான பொருள்.

இனி எண்ணூர்க் காற்றுக்கு வருவோம். பெல்ட்டின் பட்டை பாலியெஸ்டர் அல்லது நைலான் இழையால் நெய்தது. இரண்டும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனவை. சங்கிலியின் நீளம்தான் வலிமை. புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. நிறம் வெளுப்பதும் பட்டை விறைப்பாவதும் மேலே பஞ்சு போல் நார் எழும்புவதும் அதன் வெளி அடையாளங்கள். நைலான் நனைந்தால் தற்காலிகமாகப் பத்து முதல் இருபது சதவீதம் வரை வலிமை குறையும். அமிலம் பட்டால் நிரந்தரமாகவே கெடும். பாலியெஸ்டர் அமிலத்தைத் தாங்கும். ஆனால் கடும் காரம் அதை அரிக்கும். எனவே பேட்டரி அமிலம் உள்ள இடத்துக்கும் காஸ்டிக் சோடா உள்ள இடத்துக்கும் ஒரே பெல்ட் பொருந்தாது. மணலி, எண்ணூர் ரசாயன ஆலைகளுக்கு பெல்ட் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் இழையின் பெயரைக் கேட்க வேண்டும்.

நிலக்கரித் தூளும் சாம்பலும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. அனல்மின் சாம்பலில் சிலிக்கா நிறைந்த கடினமான நுண்துகள்கள் உண்டு. அவை நெசவின் இடுக்கில் புகுந்துவிட்டால், பட்டை மடியும்போதெல்லாம் உள்ளிருந்தபடியே இழையை அறுக்கின்றன. மேலே பார்த்தால் வெறும் அழுக்குதான் தெரியும். கடல் உப்பும் காய்ந்து படிகமானால் இதையே செய்கிறது. உருகிய இரும்பின் வெப்பம் ஏறக்குறைய 1,500 டிகிரி. பாலியெஸ்டர் 260 டிகிரியிலேயே உருகிவிடும். வெல்டிங் பொறி ஒன்று விழுந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டை தெரிந்தால் அந்தப் பட்டையை நம்பக் கூடாது. வெல்டர்களுக்கென்று தீப்பொறி தாங்கும் அராமிட் இழைப் பட்டைகள் இருக்கின்றன. விலை கூடுதல்தான், கொடுத்தே ஆக வேண்டும்.

கொக்கியின் கதை இன்னும் நுட்பமானது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான விடிகாலைகளில் ஈரப்பதம் அதற்கு மேல்தான். ஆக, மழை பெய்யாத நாளிலும் உப்புப் படிந்த கொக்கி இரவெல்லாம் உப்புநீரில் ஊறுகிறது. முதலில் துத்தநாகப் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிரும், பிறகு செந்துரு வரும். துரு முதலில் கெடுப்பது கொக்கியின் வாயை மூடும் சிறு சுருள்வில்லை. வில் சோர்ந்தால் வாய் முழுதாக மூடாது. மூடாத கொக்கி ஒரு முறுக்கலில் கழன்றுகொள்ளும். விரலால் அழுத்தி விட்டதும் 'டக்'கென்று தானாகவே மூடிப் பூட்ட வேண்டும். கையால் தள்ளி மூட வேண்டியிருந்தால் அந்தக் கொக்கியோடு மேலே ஏறாதீர்கள்.

மருந்து எளியது: நல்ல தண்ணீர். வேலை முடிந்ததும் மிதமான சோப்புக் கரைசலில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட வேண்டும். இங்கே ஓர் உள்ளூர் எச்சரிக்கை. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த விஷயம். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் அலசினால் உப்பை மறுபடி பூசுவதாகத்தான் ஆகும். மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஒரு வாளி ஒதுக்குவது செலவே அல்ல. பிளீச்சிங் பவுடர், டீசல், தின்னர் எதுவும் படக் கூடாது. சூடான தகரக் கூரையில் உலர்த்தக் கூடாது. கிரீஸ் டப்பாவோடும் பேட்டரியோடும் ஒரே மூட்டையில் திணிக்கக் கூடாது. பட்டையின்மேல் மார்க்கரால் பெயர் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்த மையின் கரைப்பான் இழைக்கு ஆகாது. எழுத வேண்டியதை லேபிளில் எழுதுங்கள்.

ஏறும் முன் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். பட்டையை ஒரு சாண் அளவுக்கு இரண்டு கையாலும் பிடித்துத் தலைகீழ் வளைவாக மடியுங்கள். வெளிப்பக்கம் இழுபடும்போது, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத வெட்டும் கருகலும் வாயைத் திறந்து காட்டும். இப்படியே முழு நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டு போக வேண்டும். தையல் நூல் பட்டையின் நிறத்துக்கு மாறான நிறத்தில் இருப்பது, பிரிந்தால் கண்ணில் படட்டும் என்பதற்காகத்தான். அதிர்வு தாங்கியின் உறை கிழிந்திருக்கிறதா, வளையம் வளைந்திருக்கிறதா, லேபிளில் தயாரித்த தேதியும் இந்தியத் தர எண் 3521-உம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்க முடியாத லேபிள் உள்ள பெல்ட்டுக்கு வயது தெரியாது. வயது தெரியாத பெல்ட்டைக் கழித்துவிட வேண்டும். சில தயாரிப்பாளர்கள் 10 ஆண்டு என்று மேல்வரம்பு சொல்வார்கள். உப்பும் சாம்பலும் வெயிலும் ஒன்றாக அடிக்கும் எண்ணூரில் அந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அன்றாடச் சோதனை அணிகிறவருடையது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கெட்டது என்று அவர் சொன்னால் அதைக் கணக்கர் மறுக்கக் கூடாது.

பெல்ட் தன் வேலையைச் செய்துவிட்டது, ஆள் அந்தரத்தில் தொங்குகிறார். அத்தோடு ஆபத்து முடியவில்லை. நடக்கும்போது காலின் தசைகள்தான் ரத்தத்தை மேலே இதயத்துக்குப் பிதுக்கி அனுப்புகின்றன. அசையாமல் நிமிர்ந்து தொங்குகிறவரின் கால்களில் ரத்தம் தேங்கும்; இதயத்துக்கும் மூளைக்கும் வருவது குறையும். காயமே படாத ஒருவர்கூடச் சில நிமிடங்களில் மயங்கலாம். மயங்கியபின்னும் நிமிர்ந்தே தொங்கினால் உயிர் போகலாம். நினைவு இருக்கும்வரை கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஊன்றிக்கொள்ளும் சிறு வளையப் பட்டை ஹார்னெஸில் இருந்தால் அதில் நின்று எம்ப வேண்டும். கீழே இறக்கியதும் படுக்க வைக்கக் கூடாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று 2009-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வுத் தொகுப்பு முடிவு செய்தது. வழக்கமான முதலுதவிப்படி படுக்க வைத்து, மூச்சைப் பார்த்து, 108-ஐ அழைக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வரும் என்று காத்திருப்பது மீட்புத் திட்டம் ஆகாது. போக்குவரத்து நெரிசலில் அது வந்து சேரும் நேரம் தொங்குகிறவருக்கு இருக்காது. யார் எந்த ஏணியோடு, எந்தக் கயிற்றோடு போய் இறக்குவது என்பது காலையில் வேலை அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போடும்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

தளத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு முறை ஆளைத் தாங்கிய பெல்ட்டையும் சோதனையில் தேறாத பெல்ட்டையும் அப்படியே குப்பையில் போடாதீர்கள். பழைய இரும்புக் கடை வழியாக அது குறைந்த விலைக்கு இன்னொருவர் தோளில் ஏறிவிடும். தோள் பட்டையையும் தொடைப் பட்டையையும் கயிற்றையும் கத்தரியால் வெட்டி, யாரும் மறுபடி தைக்க முடியாதபடி செய்துவிட்டுப் போடுங்கள்.